வண்டி கிளம்பும் நேரத்துத் தும்மல்

எனக்கு எண்பத்து நான்கு வயதாகிறது. பெற்று வளர்த்தது ஐந்து. நாத்தனார் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்தால் ஆறு. ஆறு பேரையும் பெருமாள்மலைக் குளிரில்தான் வளர்த்தேன். ஒருவரும் சோடை போகவில்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன், பஸ்ஸில் போட்டிருக்கும் ஊரைக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எழுதப் பேரன் இருக்கிறான். நான் சொல்கிறேன், அவன் எழுதுகிறான்.

இதைச் சொல்லும்படி ஆனதே அவனால்தான். மாசி பிறந்தால் அவனுக்குத் தும்மல் வந்துவிடும். மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்து, மாத்திரை, முகத்துக்கு மூடி எல்லாம் வைத்திருக்கிறான். போன வாரம் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அப்பத்தா, உனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சாமே. இதெல்லாம் இல்லாத காலத்துல என்னதான் பண்ணுன?" என்று கேட்டான். என்ன பண்ணவில்லை என்று கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன்.

நான் பிறந்தது பழனி அடிவாரத்தில். அப்பாவுக்குத் தேங்காய்பழக் கடை. எந்நேரமும் கூட்டமும் வெயிலும் சூடப் புகையுமாக இருக்கும். அங்கே இருந்தவரை மிளகாய் வறுத்தால் தும்முவேன், அவ்வளவுதான். பெருமாள்மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஓர் ஆவணி மாதம். ஐம்பதுகளின் கடைசி. வீட்டுக்காரர் லாரி டிரைவர். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து வரும் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பூண்டு மூட்டைகளைச் சாயங்காலம் ஏற்றி வீட்டோரம் நிறுத்துவார். விடிவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு இறங்குவார். வீட்டில் அவரும் நானும் அவர் அம்மாவும்தான். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

மலை எனக்கு வந்த அன்றே பிடித்துவிட்டது. கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் சுகமும், விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வருவதும், அடுப்படி வரைக்கும் மேகம் வந்து எட்டிப் பார்ப்பதும் கீழே எங்கே கிடைக்கும்? மழையும் பனியும் போய்த் தை கடைசியானதும் எதிர்ச் சரிவில் இருந்த வாட்டில் மரமெல்லாம் பூத்தது. மஞ்சள் மஞ்சளாகப் பஞ்சு உருண்டை மாதிரிச் சின்னப் பூ. மலைக்கே மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியது போல இருக்கும். வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்கும்போதுதான் முதல் தும்மல் வந்தது.

அதன் பிறகு நிற்கவில்லை. கண்ணில் அரிப்பு, அண்ணத்தில் அரிப்பு, மூக்கில் தண்ணீர். சளி என்றால் நாலு நாளில் பழுத்துக் கொட்டிவிடும். இது பழுக்கவும் இல்லை, போகவும் இல்லை. காய்ச்சலும் கிடையாது. விடியலில்தான் கொடுமை. அதுவும் தொடர்ந்து வந்து தொலைந்தால் பரவாயில்லை. ஒன்று வரும், நின்றுவிடும். ஆள் அசந்த நேரம் பார்த்து இன்னொன்று வரும்.

அந்த ஒற்றைத் தும்மல்தான் வினையானது. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வண்டி கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் தும்மினால் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வர வேண்டும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீராவது காப்பியாவது குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்புவது போலக் கிளம்ப வேண்டும். கொண்டை ஊசி வளைவிலும் மூடுபனியிலும் வண்டி ஓட்டுகிறவன் வீட்டில் இதை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. அத்தை எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்தக் காலத்து லாரி ஒரு திருகில் கிளம்பாது. வெந்நீர் வைத்து ரேடியேட்டரில் ஊற்றி, கிளீனர் முன்னால் நின்று இரும்புக் கம்பியைப் போட்டுச் சுற்றுவார். வண்டி இருமி இருமி ஒருவழியாகப் பிடிக்கும். அது பிடித்து நிற்கும் நேரம் பார்த்து அடுப்படியில் இருந்து நான் ஒரு தும்மல் போடுவேன்.

"ஏலே, எறங்கு" என்பார் அத்தை.

அவர் அணைத்துவிட்டு இறங்குவார். காப்பி குடிப்பார். மறுபடி வெந்நீர், மறுபடி கம்பி. வண்டி பிடிக்கும். நான் தும்முவேன்.

கிளீனருக்கு மட்டும் அந்த மாசி மாதம் கொண்டாட்டம். "மதினி தும்ம ஆரம்பிச்சதுல இருந்துதான்ணே நான் வயிறு நெறையக் காப்பி குடிக்கேன்" என்று அவரிடம் சொல்லிச் சிரிப்பார். கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கை வீங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

சிரிப்பு நிலைக்கவில்லை. லாரி முதலாளி ஒரு நாள் வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறி வந்தார். எங்கள் வாசலில் நின்று, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் பேசினார்.

"ஏம்ப்பா, எல்லா வண்டியும் எறங்கி ஏலம் முடிஞ்ச பெறகு நீ வந்து நிக்குற. கோசு வாடிப்போய்க் கெடக்கு. ஒம் பொண்டாட்டி தும்முறதுக்கெல்லாம் மார்க்கெட்டு காத்துக் கெடக்குமா? உத்திரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வண்டிய வேற ஆளுகிட்டக் குடுக்குறதத் தவிர எனக்கு வழி இல்ல."

பங்குனி உத்திரத்துக்கு அப்போது ஒரு மாதம்கூட இல்லை. அந்த வண்டி என்றால் வீட்டுக்காரருக்கு உயிர். மூட்டை இறக்கியதும் முகத்தைத் துடைப்பது போல முன் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. சாப்பிடும்போது, "போனாப் போகுது புள்ள. வேற சோலியா கெடைக்காது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த மனுஷர் வண்டியை என் மூக்குக்காக விடக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு நடந்தது வைத்தியத் திருவிழா. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சொன்னதை எல்லாம் அத்தை செய்தார். மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு மிளகு ரசம் வைத்தார். ரசம் ருசியாக இருந்தது, தும்மல் அப்படியே இருந்தது. மிளகும் மஞ்சளும் போட்ட பாலைத் தூங்கப் போகும்போது கொடுத்தார். தைல மரத்து இலையைப் பறித்து வந்து பானையில் கொதிக்கவைத்து, என் தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தார். ஆவி பிடிக்கும்போது மூக்கு திறந்துகொண்டு சுகமாக இருக்கும். அதற்குள்ளேயே ஒரு தும்மல் கிளம்பும். "கெட்டது வெளிய வருது, வரட்டும்" என்று அத்தை கம்பளியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

செய்தி கேட்டு அப்பா பழனியிலிருந்து வைத்தியர் கொடுத்த திரிகடுகுப் பொடியும் தேனும், ஒரு கட்டு நொச்சி இலையும் அனுப்பிவைத்தார். எனக்காக முடி இறக்குவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும் சொல்லியனுப்பினார்.

"ஒங்கப்பன் தலையில எறக்குறதுக்கு என்னத்தா இருக்கு?" என்று அத்தை கேட்டார். அப்பாவுக்குக் காதோரம் மட்டும்தான் முடி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பில் தொடங்கித் தும்மலில் முடிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார். அவர்தான் என்னைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். அத்தையும் கூட வந்தார். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா எங்களைவிட மரியாதையாகத் தமிழ் பேசுவார். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"காய்ச்சல் வருதாங்க? சளியில ரத்தம் இருக்காங்க?"

இரண்டும் இல்லை என்றேன். மழை பெய்த அன்றைக்கு எப்படி என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், மழை பெய்த அன்று தும்மல் குறைவு.

"இது சளி இல்லைங்க. பூத்தூள் காத்துல வருது. உங்க உடம்பு அதைத் திருடன்னு நினைச்சு விரட்டுது" என்றார். ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்து, தூக்கம் வரும், படுக்கப்போகும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து உப்புப் போட்டு, உள்ளங்கையில் ஏந்தி மூக்கால் உறிஞ்சிச் சிந்தச் சொன்னார்.

வரும் வழியெல்லாம் அத்தை பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார். "மூக்கால தண்ணி குடிக்கச் சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன். பூவு திருடனாமுல்ல, திருடன்."

மூக்கால் உறிஞ்சுவதற்கு அவர் விடவே இல்லை. மாத்திரையை மட்டும் ஒத்துக்கொண்டார். ஆனால் அதிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. தும்மல் வருவது விடியலில். மாத்திரையை முந்தின ராத்திரியே போட்டு வீணடிப்பானேன்? காலையில் காப்பியோடு கையில் கொடுத்தார். நானும் போட்டேன். தும்மல் நின்றது, மெய்தான். கூடவே நானும் நின்றேன். ஆட்டுரலில் குழவியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். முறத்தோடு தூங்கினேன். தெருவில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் குடத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

தெருப் பெண்கள் வேறு மாதிரிக் கணக்குப் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒருத்தி மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள், இன்னொருத்தி எத்தனை மாதம் என்று கேட்டாள். அத்தையின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். "அதெல்லாம் இல்லைங்க அத்தை, மாத்திரை" என்றேன். மறுநாள் மாத்திரைப் பொட்டலம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மாங்காயை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை, உப்பு வைத்துத் தின்றுவிட்டேன்.

இப்படியே உத்திரம் நெருங்கியது. வண்டி ஒரு நாள் நேரத்துக்குப் போகும், இரண்டு நாள் பிந்தும். கடைசியில் அத்தையே அப்பாவுக்கு ஆள் விட்டார். பூ உதிரும் வரைக்கும் நான் பழனியில் இருக்க வேண்டும், வருஷா வருஷம் பூக்கும்போது இறங்கிப் பூ போனதும் ஏற வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அப்பா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்.

"உத்திரத்துக்குக் கடையில நிக்க ஆள் இல்லம்மா. அதுக்கு முன்னால ஒன்னயக் கொண்டுபோய் விட்டுட்டா எனக்கும் நிம்மதி" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வருஷத்தில் கால்வாசி அம்மா வீட்டில் கிடந்தால் அடிவாரத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மலை ஒத்துக்கொள்ளாத பொண்ணு என்பார்கள். அந்த மலை எனக்கு ஒத்துக்கொண்டது. என் மூக்குக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் போக, கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆள் நான். அவரை விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லை. ஆனால் அவர் வண்டியை விடுவதா, நான் மலையை விடுவதா என்று வந்தபோது நான்தான் மூட்டை கட்டினேன். அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு தும்மல் வரும்.

கிளம்பும் நாளன்று லாரியிலேயே வத்தலக்குண்டு வரை இறங்கி, அங்கிருந்து நானும் அப்பாவும் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. கிளீனர் மூட்டைகளுக்கு மேலே ஏறிக்கொண்டார். முன்னால் வீட்டுக்காரர், நடுவில் அப்பா, ஓரத்தில் நான். வெந்நீர் ஊற்றியாகிவிட்டது, வண்டியும் பிடித்துவிட்டது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கையில் விளக்கில் சுட்ட மஞ்சள் கொம்பு, புகைந்துகொண்டு இருந்தது. போகிற நேரத்திலாவது நான் தும்மாமல் போக வேண்டும் என்று அவருக்கு. கதவு வழியாகக் கையை நீட்டி, "நல்லா இழுத்தா" என்றார். நான் இழுத்தேன். மூக்கு எரிந்தது, தும்மல் வரவில்லை.

அந்தக் கொம்பைத் தன் பக்கம் இழுத்து, அணையாமல் இருக்கிறதா என்று ஒரு ஊது ஊதினார். புகை அவர் முகத்தில் அடித்தது. அத்தை தும்மினார். ஒரே ஒரு தும்மல். மலையே கேட்கும்படி.

வீட்டுக்காரர் பழக்கத்தில் வண்டியை அணைக்கக் கையைக் கொண்டுபோனார். மேலே இருந்து கிளீனர், "அப்பச் சரி, காப்பி" என்றார்.

"அணைக்காதடா" என்று அத்தை அதட்டினார். "இது பொகை பட்டு வந்த தும்மலு. காரணம் இருக்கிற தும்மலுக்கெல்லாம் சகுனம் பாப்பாகளா? வெரசா எடு வண்டிய, நேரம் போகுது."

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் அத்தையை எதிர்த்துப் பேசினவள் இல்லை. அன்றைக்கும் எதிர்த்துப் பேசவில்லை, சந்தேகம்தான் கேட்டேன்.

"ஏங்கத்தை, ஒங்களுது பொகை பட்ட தும்மல்னா, என்னோடது பூப் பட்ட தும்மல்தானுங்களே. டாக்டரம்மா காரணம் சொன்னாகள்ல?"

வண்டி உறுமிக்கொண்டே நின்றது. அப்பா என் முழங்கையைக் கிள்ளினார், சும்மா இரு என்று. அத்தை என்னைப் பார்த்தார். கையிலிருந்த மஞ்சள் கொம்பைப் பார்த்தார். எதிர்ச் சரிவில் இருட்டு விலகி மஞ்சள் தெரிய ஆரம்பித்திருந்தது, அதையும் திரும்பிப் பார்த்தார். அவர் உதட்டோரம் மெல்ல ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"எறங்கு கீழ" என்றார்.

"சம்பந்தியம்மா, அவ சின்னப் புள்ள, தெரியாம—" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்களும் எறங்குங்க. வந்த மனுசன் காலையில ஒரு வாய் சோறு திங்காமப் போனா என்னய என்ன நெனப்பாக. ஏலே, நீ எடுத்துட்டுப் போ. இனிமே பூத் தும்மலுக்கு இந்த வீட்டுல வண்டி நிக்காது."

நான் மூட்டையோடு இறங்கினேன். வண்டி கிளம்பியது. அது வளைவில் திரும்பும்போது நான் ஒரு தும்மல் போட்டேன். அவர் நிறுத்தவில்லை. ஹாரனை மட்டும் இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அத்தை வேறு ஆளாகிவிட்டார். காரணம் என்று ஒன்று இருக்கிறதென்று ஆனதும், அதைத் தேடிப் பிடிக்காமல் விடமாட்டேன் என்று இறங்கினார். "பூ அங்க கெடக்கு. இவ அடுப்படியில கெடக்கா. எப்பிடி வந்துச்சு வீட்டுக்குள்ள?" என்று கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றினார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கள் கம்பளியைக் கொண்டுவந்து வாசல் வெயிலில் ஓர் உதறு உதறினார். மஞ்சள் தூள் வெயிலில் மிதந்தது. நான் வரிசையாகத் தும்மினேன்.

குளிர் ஏறக்கூடாது என்று தினமும் கம்பளியை மரத்தடிப் புதர் மேல் காயப்போடுவது எங்கள் பழக்கம். அது வாட்டில் மரத்தடி. பகலெல்லாம் பூத்தூளைச் சேர்த்துக்கொண்டு வந்த கம்பளியைத்தான் ராத்திரி மூக்கு வரை போர்த்தியிருந்தேன். அந்தக் கம்பளியைத்தான் ஆவி பிடிக்கும்போது என் தலையில் போட்டு அத்தை இறுக்கியும் பிடித்தார். இதைக் கண்டுபிடித்ததும் அவர் வாசலிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏத்தா, நானே ஒனக்கு முக்காடு போட்டுல்ல கொன்னுருக்கேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பாவுக்குச் சோறு புரையேறிவிட்டது.

அதற்கப்புறம் பூக்கும் மாதங்களில் துணியும் கம்பளியும் வீட்டுக்குள் கொடி கட்டித்தான் காயும். மாத்திரைப் பொட்டலம் அரிசிப் பானைக்குள்ளிருந்து வெளியே வந்தது. டாக்டரம்மா சொன்னபடி படுக்கும்போது போட்டுக்கொண்டேன், காலையில் தெளிவாக எழுந்தேன். உப்புத் தண்ணீரை மூக்கில் உறிஞ்சிச் சிந்துவதை முதலில் செய்து காட்டியதே அத்தைதான். "நல்லாத்தான் இருக்கு, மண்டையில ஜன்னல் தெறந்த மாதிரி" என்றார். விறகுக்குப் போனால் மூக்கை மறைத்து ஈரத்துண்டு கட்டிக்கொள்வேன். வந்ததும் முகமும் தலையும் கழுவிவிடுவேன். ஆவியும் பிடித்தோம், சுத்தமான வேட்டியைப் போர்த்திக்கொண்டு. மிளகு ரசத்தையும் விடவில்லை, ருசிக்காக.

தும்மல் அடியோடு போனதா என்றால் போகவில்லை. இன்றைக்கும் மாசியில் கொஞ்சம் உண்டு. ஆனால் அன்றைக்கெல்லாம் அடுப்படியில் நான் தும்மினால் அத்தை வாசலில் நின்றபடி, "பூவு, பூவு, நீ போ" என்று கையை வீசுவார். வண்டி போய்விடும். தெருவில் வேறு யார் தும்மினாலும் அவர்தான் தீர்ப்பு: புகையா, பூவா, மிளகாயா, இல்லை நிஜமாகவே சகுனமா என்று. கிளீனர் மட்டும் மதினி மருந்து சாப்பிட்டதில் தனக்குத்தான் நஷ்டம் என்று ரொம்ப நாள் புலம்பிக்கொண்டிருந்தார்.

முதலாளி வண்டியைக் கேட்கவில்லை. உத்திரம் போய் அடுத்த உத்திரம் வந்தபோது என் மூத்தவன் மடியில் இருந்தான். அன்றைக்கு, அதாவது நான் மூட்டையோடு இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம், வீட்டுக்காரர் வத்தலக்குண்டிலிருந்து ஒரு பந்து மல்லிகை வாங்கி வந்தார். வாழையிலையில் சுற்றி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தார். கொடுக்கும்போது அவருக்கு ஒரு பயம். "இதுக்கும் வருமா?" என்று கேட்டார். வைத்துப் பார்த்தோம். வரவில்லை.

சரி, இவ்வளவுதான். எழுதினதை எடுத்துக்கொண்டு இங்கே பக்கத்தில் வந்து உட்கார் தம்பி. முதலிலிருந்து வாசி, கேட்போம். ஓடாதே, நிதானமாக வாசி.